ஐ.சி.எஸ். வேண்டாம் என்ற பையன்

பத்துக் குழந்தைகள் உள்ள வீட்டில் மூத்த ஆண்பிள்ளையாகப் பிறப்பது ஒரு பதவி. விண்ணப்பம் போடாமலே கிடைத்துவிடும். ராஜினாமா கொடுக்கத்தான் இடமில்லை. தங்கைகளின் கல்யாணம், தம்பிகளின் படிப்பு, அப்பா ஓய்வு பெற்றபின் வீட்டின் கௌரவம் எல்லாம் அந்தப் பதவியோடு ஒட்டி வருபவை.

1910 அக்டோபர் 19 அன்று லாகூரில் பிறந்த சந்திரசேகருக்கு அந்தப் பதவி வாய்த்தது. முன்னால் இரண்டு அக்காக்கள், பின்னால் ஏழு பேர். அப்பா சி. சுப்பிரமணிய ஐயர் கணக்குத் தணிக்கைத் துறையில் பெரிய அதிகாரி. ஊர் ஊராக மாற்றலாகும் உத்தியோகம். 1918-இல் குடும்பம் சென்னைக்கு வந்து, மயிலாப்பூரில் வீடு கட்டிக்கொண்டது. வீட்டின் பெயர் சந்திர விலாஸ். தாத்தாவின் பெயரும் சந்திரசேகரன், பேரனின் பெயரும் அதுவே. பெயரிலேயே பொறுப்பை எழுதிவைத்துவிட்டார்கள்.

அந்தப் பையன் பின்னாளில் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியராகி, 1983-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற எஸ். சந்திரசேகர். உலகம் அவரைச் 'சந்திரா' என்றது. நட்சத்திரங்களின் இறுதிக்காலம் பற்றிய அவருடைய ஆய்வு பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இங்கே சொல்லப்போவது அதற்கு முந்தைய கதை: அந்த வீட்டிலிருந்து அவர் எப்படிக் கிளம்பினார், யார் வழிவிட்டார்கள், யார் அதற்கு விலை கொடுத்தார்கள்.

ஏனென்றால், குடும்பத்தின் எதிர்பார்ப்பை மீறித் தன் வழியில் போனவர்களைப் பற்றி நாம் சொல்லும் கதைகளில் எப்போதும் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார். தனியாக நிற்கிறார், தனியாக முடிவெடுக்கிறார், தனியாக ஜெயிக்கிறார். மற்றவர்கள் எல்லாம் அவரைத் தடுத்தவர்கள். இந்தக் கதையில் எனக்கு நம்பிக்கையில்லை.

அப்பா வில்லன் இல்லை

சுப்பிரமணிய ஐயருக்கு மகன் ஐ.சி.எஸ். எழுத வேண்டும் என்று ஆசை. அன்றைக்கு இந்தியன் ஒருவன் எட்டக்கூடிய மிக உயரமான நாற்காலி அது. சுபாஷ் சந்திர போஸ் 1921-இல் அதை உதறியது நாடு முழுக்கப் பேச்சானதற்குக் காரணமே, யாரும் உதறாத வேலை என்பதுதான். மாதம் பிறந்தால் சம்பளம், வேலை முடிந்தால் பென்ஷன், கலெக்டர் என்ற மரியாதை. பத்துக் குழந்தைகளின் அப்பா இதை ஆசைப்பட்டதில் என்ன தப்பு? இன்றைக்கும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு லட்சக்கணக்கானோர் விண்ணப்பிக்கிறார்களே, அந்த வீடுகளில் இருப்பதும் இதே கணக்குதான். பேராசை என்று அதை ஒதுக்க முடியாது. பல தலைமுறை பார்த்த பயம் அது.

மகனுக்கு ஆரம்பப் பாடம் நடத்தியதும் இதே அப்பாதான். பள்ளிக்கு அனுப்பாமல், அலுவலகம் போகுமுன் ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார். தமிழ் அம்மாவின் பொறுப்பு. பன்னிரண்டு வயதுக்குப் பிறகுதான் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி. பதினைந்து வயதில் மாநிலக் கல்லூரி.

அங்கே முதல் மோதல். பையனுக்குக் கணிதம் வேண்டும். காரணம் ராமானுஜன். 1920 ஏப்ரலில் ஒருநாள், பத்து வயது நிரம்பாத சந்திராவிடம் அம்மா ஒரு பத்திரிகைச் செய்தியைச் சொன்னார்: இங்கிலாந்து போய்ப் புகழ்பெற்ற கணித மேதை ராமானுஜன் இறந்துவிட்டார். அந்தச் செய்தி மனதில் தங்கியதைச் சந்திரா பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். இப்படியும் ஓர் ஆள் நம் ஊரிலிருந்து வர முடியும் என்பது அந்த வயதில் விழுந்த விதை.

கணிதம் மட்டும் படித்தால் எதிர்காலம் என்ன என்று அப்பாவுக்குக் கவலை. இயற்பியல் ஆனர்ஸ் எடு என்றார். பையன் சண்டை போடவில்லை. இயற்பியலில் சேர்ந்தான், கணித வகுப்புகளிலும் போய் உட்கார்ந்தான். நம் வீடுகளில் பெரும்பாலான கலகங்கள் இப்படித்தான் நடக்கின்றன. கதவை அறைந்து சாத்திவிட்டுப் போவது சினிமாவில். நிஜத்தில் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு, பக்கத்து வகுப்பில் போய் உட்கார்வது.

சித்தப்பா காட்டிய வழி

இந்த அப்பாவுக்கு ஒரு தம்பி. அவர் பெயர் சி.வி. ராமன்.

ராமனும் கணக்குத் துறைக்காரர்தான். அண்ணன் போன வழியிலேயே 1907-இல் நிதித் துறைத் தேர்வை எழுதி, முதலிடத்தில் தேறி, கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகச் சேர்ந்தார். வயது பத்தொன்பதுகூட நிரம்பவில்லை. இடையில் ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றல். கல்கத்தாவில் இருந்த ஆண்டுகளில், பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வகத்துக்கு அலுவலகத்துக்கு முன்பும் பின்பும் போய் வந்தார். பத்தாண்டு இப்படி இரட்டை வாழ்க்கை. 1917-இல் கல்வியாளர் அசுதோஷ் முகர்ஜி அழைத்தார். கல்கத்தா பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவியை ஏற்று, அரசு வேலையை விட்டார் ராமன். சம்பளம் கணிசமாகக் குறைந்தது. 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவு, 1930-இல் நோபல் பரிசு.

ஆக, மகன் ஐ.சி.எஸ். எழுதட்டும் என்று சுப்பிரமணிய ஐயர் சொன்னபோது, அதற்கு எதிரான வாதம் அவருடைய கூடப்பிறந்தவரின் உருவத்திலேயே கல்கத்தாவில் உட்கார்ந்திருந்தது. 1928 கோடை விடுமுறையில் சந்திரா அந்த ஆய்வகத்துக்கே போனார். ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்டு சில மாதங்களே ஆகியிருந்தன. பதினேழு வயதுப் பையனுக்கு அந்தச் சூடு போதாதா?

சுப்பிரமணிய ஐயரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் வயலின் வாசித்தவர், கர்நாடக சங்கீதத்தில் ஆழ்ந்த ஞானம் உள்ளவர். தென்னிந்திய இசையின் இலக்கணத்தை ஆங்கிலத்தில் புத்தகமாக எழுதியிருக்கிறார். பகலெல்லாம் ரயில்வே கணக்கு, மற்ற நேரத்தில் ராகம். தம்பியைப் போல வேலையை விட அவர் துணியவில்லை. அல்லது அவருக்கு அந்த வசதி இல்லை. மகனை அரசு வேலைக்குத் தள்ளிய கை, தன் வயலினை உத்தியோகத்துக்கு மிஞ்சிய நேரத்துக்கு ஒதுக்கிவைத்த கை. பிள்ளையை நிர்ப்பந்திக்கும் பல அப்பாக்கள் தங்களை முன்னமே நிர்ப்பந்தித்துக்கொண்டவர்கள். அவர் மகள்களில் ஒருவரான வித்யா சங்கர் வீணைக் கலைஞராக, சியாமா சாஸ்திரியின் கீர்த்தனங்களில் தேர்ந்தவராகப் பெயர் பெற்றார். அந்த வீட்டில் சங்கீதம் வீணாகவில்லை.

இப்சனைத் தமிழாக்கிய அம்மா

சந்திராவின் அம்மா சீதாலட்சுமி. பள்ளிப் படிப்பு அதிகமில்லை. சிறு வயதில் கல்யாணம், பத்துப் பிரசவம், கணவரின் மாற்றலுக்கு ஏற்ப ஊர் மாறும் குடித்தனம். இதற்கிடையில் அவர் ஆங்கிலம் கற்றுக்கொண்டார். நார்வே நாட்டு நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தார்.

எத்தனையோ நாடகங்கள் இருக்க, அதை. கணவனும் குழந்தைகளும் உள்ள ஒரு பெண், நான் முதலில் ஒரு மனுஷி என்று உணர்ந்து வீட்டை விட்டு வெளியேறும் நாடகம். 1879-இல் எழுதப்பட்டு ஐரோப்பாவையே கலவரப்படுத்தியது. அதை ஒரு மயிலாப்பூர் ஐயர் வீட்டு மாமி, சமையலுக்கும் குழந்தைகளுக்கும் நடுவே வரிவரியாகத் தமிழாக்கிக்கொண்டிருந்தார் என்பதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் தீர்வதில்லை. அவர் எங்கும் வெளியேறவில்லை. மகனை அனுப்பிவைத்தார்.

அப்பா என்ன சொன்னாலும் மிரண்டுபோகாதே, உனக்குப் பிடித்ததைச் செய் என்பதுதான் சந்திராவுக்கு அம்மா சொன்னதன் சாரம். ஐ.சி.எஸ். பேச்சு அந்த வீட்டில் அடங்கியதற்கு அவர் முக்கியக் காரணம். அதைவிடப் பெரிய சோதனை 1930-இல் வந்தது.

அதற்குள் பையன் வேகமாக வளர்ந்துவிட்டிருந்தான். 1928-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் சாமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது, அவர் தங்கியிருந்த இடத்துக்கே போய்ப் பார்த்தான். நீ படித்த புத்தகங்கள் பழசாகிவிட்டன, குவாண்டம் இயற்பியல் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்று அவர் சொன்னதில் பையனுக்கு இடி விழுந்தது. அவர் கொடுத்த அச்சுப்படிகளை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் படித்து, தானே ஒரு கட்டுரை எழுதினான். கேம்பிரிட்ஜில் இருந்த இயற்பியலாளர் ஃபௌலருக்கு அனுப்பினான். லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அது வெளிவந்தது. மாநிலக் கல்லூரி முதல்வர் ஃபைசன் கூப்பிட்டுச் சொன்னார்: இங்கிலாந்து போய்ப் படிக்க அரசு உதவித்தொகை கிடைக்கும்.

அப்போது சீதாலட்சுமி படுத்த படுக்கை. திரும்பி வரும்போது அவரைப் பார்க்க முடியுமா என்பது யாருக்கும் தெரியாது. மூத்த பிள்ளை இந்த நேரத்தில் கடல் தாண்டிப் போவதா என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். பையனும் தயங்கினான். போயே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் நோயாளிதான். அவன் எனக்காக மட்டும் பிறந்தவனல்ல, உலகத்துக்காகப் பிறந்தவன் என்ற பொருளில் அவர் பேசியதாகக் குடும்பத்தில் நினைவுகூர்வார்கள்.

1930 ஜூலை 31 அன்று பம்பாயிலிருந்து 'பில்ஸ்னா' என்ற கப்பலில் சந்திரா கிளம்பினார். வயது பத்தொன்பது. அந்தப் பயணத்தில், எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குள்ளன் நட்சத்திரங்களைப் பற்றிய ஃபௌலரின் கோட்பாட்டில் ஐன்ஸ்டைனின் சார்பியலைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு குறிப்பிட்ட நிறையைத் தாண்டிய நட்சத்திரம் வெண்குள்ளனாக அடங்க முடியாது என்று வந்தது. சூரியனைப் போலச் சுமார் 1.4 மடங்கு, இன்று அதற்குச் சந்திரசேகர் எல்லை என்று பெயர்.

1931 மே 21 அன்று சீதாலட்சுமி இறந்தார். மகன் கேம்பிரிட்ஜில் இருந்தார்.

கடிதத்தில் நடந்த சண்டை

வீட்டை விட்டுப் போனதோடு கதை முடிந்துவிடுவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அப்பாவும் மகனும் மோதிக்கொண்ட நீண்ட அத்தியாயம் அதற்குப் பிறகுதான். படிப்பு முடிந்ததும் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பது அப்பாவின் எதிர்பார்ப்பு. 1933-இல் முனைவர் பட்டம், டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோஷிப். 1935 ஜனவரியில், லண்டனில் வானியலாளர்கள் கூடிய சபையில், புகழின் உச்சத்திலிருந்த எடிங்டன் எழுந்து, நட்சத்திர எல்லை பற்றிய இளைஞரின் முடிவு அபத்தம் என்று கேலி செய்தார். இங்கிலாந்தில் இனி இடமில்லை என்ற நிலை. இந்தியாவிலும் அவர் எதிர்பார்த்த மாதிரி வேலை அமையவில்லை. அமெரிக்கா அழைத்தது. அப்பாவுக்கு அதில் கொஞ்சமும் சம்மதமில்லை, சந்திரா போனார். 1937 தொடக்கத்தில் விஸ்கான்சினில் உள்ள யெர்க்ஸ் வானாய்வகத்தில் சேர்ந்தார்.

1936-க்குப் பிறகு அவர் ஊர்ப்பக்கம் வந்தது 1951-இல். 1953-இல் அமெரிக்கக் குடிமகனானது அப்பாவை ஆழமாகப் புண்படுத்தியது. 1960-இல் அப்பா இறந்தார். ஐ.சி.எஸ். வேண்டாம் என்றதை மன்னித்தவரால் இதை மன்னிக்க முடிந்ததா என்று சொல்வது கடினம். உத்தியோகத்தை மறுப்பது ஒரு ரகம், ஊரையே மறுப்பது வேறு ரகம் என்று எண்ணியிருப்பார். நம் வீடுகளில் இருந்து போன பல பிள்ளைகளுக்கு இந்த இரண்டாவது சண்டை பழக்கமானது. வாட்ஸ்ஆப் வந்தபின் தினமும் முகத்தைப் பார்த்துக்கொண்டே போடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

சந்திராவும் தன்னைத் தியாகி என்று சொல்லிக்கொண்டவரல்ல. அறிவியல் ஒன்றையே பிடித்துக்கொண்டு போனதில் வாழ்க்கை ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது என்று, தன் வாழ்க்கை வரலாற்றை எழுதிய காமேஷ்வர் வாலியிடம் முதுமையில் மனம்விட்டுப் பேசியிருக்கிறார்.

வசதி என்ற சொல்லாத உண்மை

உனக்குப் பிடித்ததைச் செய் என்று மேடைகளில் சொல்கிறவர்கள் ஒன்றை விழுங்கிவிடுகிறார்கள். சந்திராவின் வருமானத்தை நம்பி அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. அப்பாவுக்கு நல்ல சம்பளம், மயிலாப்பூரில் சொந்த வீடு, அரசின் உதவித்தொகை. இவ்வளவும் இருந்தும் கிளம்புவது அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

அவருடைய ஆதர்சமான ராமானுஜனை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா கும்பகோணத்தில் ஜவுளிக்கடைக் குமாஸ்தா. மகன் கணிதத்தைத் தவிர வேறெதிலும் மனம் போகாமல் எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர். கணித ஆர்வலர் ராமச்சந்திர ராவ் மாதாமாதம் கொடுத்த பணத்தில் காலம் தள்ளி, 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவுக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சம்பளம் 30 ரூபாய். அடுத்த ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்த பிறகுதான் மூச்சுவிட முடிந்தது. கடல் தாண்டக்கூடாது என்ற அம்மா கோமளத்தம்மாள், நாமகிரித் தாயார் கனவில் வந்து உத்தரவு தந்ததாகச் சொல்லிச் சம்மதித்தார் என்பார்கள். 1914 மார்ச் 17 அன்று ராமானுஜன் கப்பல் ஏறினார்.

இன்றைக்குப் பொறியியல் கலந்தாய்வுக்கு முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழோடு வரும் பிள்ளை ராமானுஜன் வீட்டுப் பிள்ளை, சந்திர விலாஸ் பிள்ளை அல்ல. நகையை அடகு வைத்துக் கல்லூரியில் சேர்த்த வீட்டில், எனக்கு இது பிடிக்கவில்லை, போட்டோகிராஃபி போகிறேன் என்று மூன்றாம் ஆண்டில் ஒரு பையன் சொன்னால், அம்மா அழுவதைப் பத்தாம்பசலித்தனம் என்று எழுதிவிட்டுப் போவது அநியாயம். நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இந்த மாநிலத்தில் முளைத்ததற்கு அந்த அம்மாக்களின் பயம் ஒரு காரணம். அந்தப் பயத்தை விற்றுப் பணம் பார்த்தவர்கள் இன்னொரு காரணம். பிள்ளை யாரோடு சண்டை போட வேண்டும் என்பதில் நமக்கே குழப்பம் இருக்கிறது.

போகாதவர்கள்

ராமானுஜன் போனபோது பின்னால் நின்றவர் மனைவி ஜானகி, பதின்வயதுப் பெண். ஐந்தாண்டுகள் பிரிவு. திரும்பி வந்த கணவர் ஓராண்டுக்குச் சற்றே அதிகமாக உயிரோடு இருந்தார். ஜானகி 1994 வரை வாழ்ந்தார். தையல் வேலை செய்து தன் காலில் நின்றார். 1936-இல் சந்திரா இந்தியா வந்தபோது, கணித மேதை ஹார்டி கேட்டுக்கொண்டபடி ராமானுஜனின் நல்ல படம் ஒன்றைத் தேடி இவரிடம்தான் போனார். கிடைத்தது ஒரு பாஸ்போர்ட் படம். இன்று அஞ்சல் தலையிலும் புத்தக அட்டைகளிலும் நாம் பார்க்கும் ராமானுஜனின் முகம் பெரும்பாலும் அதிலிருந்து வந்தது.

அதே 1936 பயணத்தில் சந்திராவின் கல்யாணமும் நடந்தது. மணமகள் லலிதா துரைசாமி, மாநிலக் கல்லூரியில் அவருக்கு இளையவராக இயற்பியல் படித்தவர். ஜாதகம் பார்த்து வீட்டார் முடித்துவைத்த சம்பந்தம் அல்ல; அவர்களே தேர்ந்துகொண்டது. லலிதாவின் பெரியம்மா சகோதரி சுப்புலட்சுமி. பதினொரு வயதில் கல்யாணம் ஆகி உடனே விதவையானவர். அவருக்கு மொட்டையடிக்க மறுத்து, படிக்கவைக்கச் சென்னையிலேயே குடும்பத்தை நிறுத்தியவர் அவருடைய அப்பா சுப்பிரமணிய ஐயர் (பெயர் ஒற்றுமைதான், இவர் வேறு). 1911-இல் சுப்புலட்சுமி மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே எழும்பூரில் இளம் விதவைகளுக்கு ஒரு விடுதியைத் தொடங்கினார். அந்த விடுதி பின்பு கடற்கரை ஐஸ் ஹவுஸுக்கு இடம் மாறியது. இங்கேயும் மகளைப் பிடித்துத் தள்ளிவிட்டவர் வீட்டுக்குள் இருந்தார். ஊரார் பேச்சை வாங்கிக்கொண்டவர் அவர்.

அப்படிப்பட்ட குடும்பத்திலிருந்து வந்த லலிதா, பள்ளியில் பாடம் நடத்தியவர், பெங்களூரில் ராமனின் ஆய்வகத்தில் சிறிது காலம் வேலையும் பார்த்தவர். கல்யாணத்துக்குப் பின் இயற்பியலை விட்டார். கணவர் தன் வழியில் போக, அவர் அந்த வழியில் கூடப் போனார். 2013-இல் 102 வயதில் இறந்தார். இயற்பியலை விட்டதை அவர் குறையாகச் சொன்னதில்லை. ஆனாலும் ஒரே கல்லூரியில் ஒரே பாடம் படித்த இருவரில் யார் எதைத் தொடர்ந்தார்கள் என்று பார்க்கும்போது, சொந்த வழி என்ற பேச்சில் பாதிக் கணக்கு வெளியே தெரியாமல் இருப்பது புரிகிறது.

கலகக்காரர் அப்பாவானால்

அரசு வேலையை விட்ட ராமன் பின்னாளில் எளிதில் வளைந்துகொடுக்காத மனிதர் என்று பெயர் வாங்கினார். அவருடைய இளைய மகன் வி. ராதாகிருஷ்ணன் மைசூர் பல்கலைக்கழகப் பட்டத்தோடு நிறுத்திக்கொண்டார். கருவிகள் செய்வதில் பிரியம். ஸ்வீடன், கலிபோர்னியா, ஆஸ்திரேலியா என்று சுற்றி ரேடியோ வானியலாளரானார். இடையில் சிறிய பாய்மரப் படகு ஒன்றில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியா வரை கடலில் போனார். படகுக்கு வைத்த பெயர் 'சிக்னஸ் ஏ'. வானில் பலமான ரேடியோ அலைகளை அனுப்பும் ஒரு தொலைதூர விண்மீன் மண்டலத்தின் பெயர். 1969-இல் பல்சார்கள் பற்றிய அவருடைய ஆய்வு உலகக் கவனம் பெற்றது.

அப்பா இறந்தபின், 1972-இல் பெங்களூர் திரும்பி ராமன் ஆராய்ச்சி நிலையத்துக்கு இயக்குநரானார். இரண்டு பத்தாண்டுகளுக்கும் மேல் அந்த நாற்காலியில் இருந்தார். முனைவர் பட்டத்துக்கு அவர் படித்ததே இல்லை.